இரண்டாவது பாக்கெட்

ஜூன் 3, திங்கள்

மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து என்னை மகளிர் சிறைக்கு மாற்றி இன்றோடு இருபது நாள். "அங்க போனா ரெஸ்ட்தான் பிலோமினா" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ரெஸ்ட் எந்த அறையில் இருக்கிறது என்று இன்னும் யாரும் காட்டவில்லை. டைரி எழுதச் சொன்னது வீட்டில் அங்கயற்கண்ணி. "வேலைப் புலம்பலை எல்லாம் எங்கிட்டக் கொட்டாத, இதுல கொட்டு" என்று தனக்குத் தபால் ஆபீசில் கொடுத்த டைரியைத் தூக்கிக் கொடுத்தாள். பாதி வருடம் போன டைரி. எனக்கு இது போதும்.

இன்று நாப்கின் நாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை தொகுதி தொகுதியாக வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட், பதிவேட்டில் கையெழுத்து அல்லது பெருவிரல். எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் ஒரு வழக்கத்தை விட்டுப் போயிருக்கிறார். தொடர்ந்து இரண்டு மாதம் ஒருத்தி பாக்கெட் வாங்கவில்லை என்றால் அவளுக்குக் கர்ப்பப் பரிசோதனை. எந்த உத்தரவில் இருக்கிறது என்று வார்டர் மலர்க்கொடியிடம் கேட்டேன். "எப்பவும் அப்படித்தான் சிஸ்டர்" என்றாள். சரி, நானும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தொகுதி குருவம்மா, ஆயுள் கைதி, சமையலறையில் வேலை. "எனக்கு இன்னொரு பாக்கெட் வேணும் சிஸ்டர். ரொம்பப் போகுது" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். கொடுத்தேன். அதே தொகுதியில் 318 வரவில்லை. போன இரண்டு மாதமும் அந்தக் கட்டம் காலி.

"அது வராது. அது தன்னை ஆம்பளைன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது" என்றாள் மலர்க்கொடி.

பதிவேட்டில் முத்துப்பேச்சி, பெண், வயது 27, விசாரணைக் கைதி. புதன்கிழமைப் பட்டியலில் பெயரைச் சேர்த்தேன்.

ஜூன் 5, புதன்

டாக்டர் வைஜெயந்தி புதன்கிழமை மட்டும் வருவார். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்த்தாக வேண்டும். அதனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குறை சொல்லவில்லை, நாற்பது பேரை யார் நிமிர்ந்து பார்ப்பது.

318 வரிசையில் நின்றாள். ஒட்ட வெட்டிய முடி. நைட்டிக்கு மேல் மார்பு மறைய ஒரு துண்டு, அதற்கு மேல் கட்டிய கைகள். பெயர் கேட்டேன்.

"பேச்சிமுத்து."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பதிவேட்டில் உள்ளபடி முத்துப்பேச்சி என்று கூப்பிட்டு, சிறுநீர் பிடிக்க டப்பாவைக் கொடுத்தேன்.

"என்ன டெஸ்டு சிஸ்டர்?"

"கர்ப்பம் இருக்கான்னு பாக்கறதுக்கு."

318 என்னைப் பார்த்ததில் கோபம் இல்லை. கடைக்காரர் சாமானை மாற்றிக் கொடுத்தால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே இல்லைன்னு சொல்லியிருப்பேன்ல."

"மாசா மாசம் வருதா?"

வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. "வராது" என்றாள். எழுதிக்கொண்டேன். மாதவிடாய் இல்லை. பரிசோதனை நெகட்டிவ். வேறு குறை இல்லை.

எல்லோரும் போனபின் திரும்பி வந்து கதவோரம் நின்றாள். வெளியே இருந்தபோது மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தாளாம். கைதானதிலிருந்து நின்றுவிட்டதாம். இங்கே போடுவீர்களா என்று கேட்டாள். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றேன்.

"வீட்டுல இருந்துச்சு. வெண்ணிலாவோட அண்ணனுங்க வந்து எல்லாத்தையும் எரிச்சுட்டானுங்க."

வெண்ணிலா யார் என்பதை மலர்க்கொடி பிறகு விளக்கினாள். இரண்டு பேரும் திருப்பூரில் ஒரு வருடம் வீடு எடுத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். பெண் வீட்டார் தேடிப் பிடித்து, மகளைக் கூட்டிப் போய்விட்டு, இவள் மேல் நகைத் திருட்டு வழக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சீட்டு இல்லாமல் மருந்து இல்லை. அதுதான் விதி, அதைச் சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்றுக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட பிரியாணி அங்கயற்கண்ணிக்கு வேலையைக் காட்டிவிட்டது. விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பித்தப்பைக் கல். ஜூலை 3 அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்கினோம்.

வீட்டுச் சொந்தக்காரர் விசாரிக்க வந்தார். "உங்க பெரியம்மா பொண்ணுக்கு எப்படி இருக்கு?" குடிவந்த புதிதில் அப்படிச் சொன்னோம், பதினெட்டு வருடமாக அதிலேயே நிற்கிறது. வீட்டில் இரண்டு படுக்கையறை. சின்ன அறையில் மழைக்காலத்தில் துணி காயப்போடுவோம், வெயில் காலத்திலும் போடுவோம்.

ஜூன் 12, புதன்

குருவம்மா டாக்டரிடம் வந்தாள். பன்னிரண்டு நாளாக நிற்கவில்லை, கட்டி கட்டியாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்று பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள். டாக்டர் ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதி, ஸ்கேனுக்கு வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.

கண்ணிமையை நான்தான் இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. அதைப் பார்த்தேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

மாத்திரையை என் எதிரில் விழுங்க வேண்டும். "சாப்பாட்டுக்குப் பெறகு போட்டுக்கறேன் சிஸ்டர், வெறும் வயித்துல பெரட்டுது" என்றாள். தூக்க மாத்திரைக்கு என்றால் விடமாட்டேன். சத்து மாத்திரைதானே என்று ஒரு வாரத்துக்கு உண்டானதைக் கையில் கொடுத்தேன்.

ஜூன் 19, புதன்

நேற்றுப் போலீஸ் வழிக்காவல் கிடைத்து குருவம்மா ஸ்கேனுக்குப் போய்வந்தாள். கருப்பையில் ஒன்றும் இல்லை. ரத்த அளவு பன்னிரண்டு. எனக்கே அவ்வளவு இல்லை.

"வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வரணும்னா நேரா சொல்ல வேண்டியதுதானே?" என்று டாக்டர் சத்தம் போட்டார். மாத்திரைகளை நிறுத்தினார். பொய் சொல்லி வழிக்காவலை வீணாக்கியதற்கு ஒரு மாதத்துக்கு மனு ரத்து. மனு என்றால் இங்கே வீட்டார் வந்து பார்ப்பது. குருவம்மாவின் மகள் கல்லூரி லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள் என்று மலர்க்கொடி சொன்னாள். குருவம்மா வாயைத் திறக்கவே இல்லை.

எனக்கும் கோபம்தான். ஏமாந்தோம் என்ற கோபம்.

ஜூன் 20, வியாழன்

அங்கயற்கண்ணிக்கு எண்ணெய், தேங்காய், முட்டை எதுவும் கூடாதாம். வீட்டில் இனி ரசம்.

ஜூன் 21, வெள்ளி

நாப்கின் பதிவேட்டைப் புரட்டினேன். குருவம்மா, ஏப்ரலில் ஒன்று, மே மாதம் இரண்டு, ஜூனில் இரண்டு, நடுவில் கெஞ்சி வாங்கியது இன்னும் இரண்டு. அதற்கு மூன்று வரி கீழே முத்துப்பேச்சி, காலி, காலி, காலி. இரண்டு பேருக்கும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துப் பாய்.

இருபத்தேழு வருட சர்வீஸ் எனக்கு.

ஜூன் 22, சனி

காலையில் முதல் வேலையாகச் சமையலறைக்குப் போய்க் குருவம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "அந்த ரெண்டாவது பாக்கெட் யாருக்கு?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள். "எனக்கு ஒரு பாக்கெட்டே மிச்சமாகும் சிஸ்டர். எல்லாம் அந்தப் புள்ளைக்குத்தான். மாத்திரையும் அதுக்குத்தான் குடுத்தேன். மாத்திரை சாப்பிட்டப்ப கொஞ்சம் மட்டுப்பட்டுச்சு. நீங்க நிறுத்தினதும் மறுபடி ஊத்துது. போய்ப் பாருங்க, எந்திரிக்கவே முடியல."

தொகுதியில் மற்றவர்கள் துவைக்கப் போயிருந்தார்கள். பேச்சிமுத்து சுவரோரம் சுருண்டு கிடந்தான். (இனி இந்த டைரியில் அவன் என்றே எழுதுகிறேன். என் டைரி.) உள்ளங்கை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாடி நூற்று இருபது. கிளினிக் கட்டிலுக்குத் தூக்கி வந்து விரலில் குத்திப் பார்த்தேன். ரத்தம் ஐந்து புள்ளி மூன்று.

"ஏன் சொல்லல? வருதான்னு நான் கேட்டேன்ல?"

"எங்க வச்சுக் கேட்டீங்க சிஸ்டர்?"

எங்கே வைத்துக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். பின்னால் பதினொரு பேர் நின்ற வரிசையில் வைத்து.

"ஊசி நின்ன ரெண்டாம் மாசமே வர ஆரம்பிச்சிருச்சு. அந்த வரிசையில நின்னு பாக்கெட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டா, அன்னையோட நான் முத்துப்பேச்சி. அப்பறம் இதுக்குள்ள யாரும் என்னை வேற மாதிரி பாக்க மாட்டாங்க. இத்தனை வருசம் பட்டதுக்கு அர்த்தமே இல்ல. குருவக்காதான் வாங்கித் தாரேன்னுச்சு. அதுக்கு மனுவை வெட்டுவாங்கன்னு நெனைக்கல."

டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். மலர்க்கொடி புடவையோடு வந்தாள். வெளியே போகும் கைதி நைட்டியில் போகக்கூடாது, புடவைதான் கட்ட வேண்டுமாம். புடவையைப் பார்த்ததும் பேச்சிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் போகல. அதைச் சுத்திக்கிட்டு, விலங்கோட, பிரசவ வார்டுல போய்ப் படுக்கச் சொல்றீங்க. பத்துப் பேரு சுத்தி நின்னு, இவ ஏன் இப்படி இருக்கான்னு தூக்கித் தூக்கிப் பாப்பாங்க. ஒரு தடவை பாத்திருக்கேன் சிஸ்டர். போதும்."

"போகலைன்னா செத்துப்போவ."

"சரி."

மறுபடி டாக்டருக்குப் போன் செய்தேன். "மறுத்தா எழுதி வாங்கிடுங்க சிஸ்டர். உங்க மேல பழி வரக்கூடாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சிகிச்சை வேண்டாம் என்று எழுதித் தரும் படிவம் என் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு இருக்கிறது. ஒரு கையெழுத்து வாங்கினால் என் வேலை முடிந்தது.

படிவத்தை எடுத்தேன். பேனாவையும் கொடுத்தேன். இதையும் எழுதிவைக்கிறேன். அவனுக்குப் பேனா பிடிக்கத் தெம்பில்லை. பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடி கொடுக்கவில்லை. கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றி, குருவம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய் விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். வெளியே போகும் கைதி புடவை கட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. விசாரணைக் கைதி தன் சொந்த உடை உடுத்தலாம் என்று இருக்கிறது. நாப்கின் வாங்காதவளுக்குக் கர்ப்பப் பரிசோதனை என்றும் எங்கேயும் இல்லை. வரிசை என்ற சொல்லே இல்லை.

கண்காணிப்பாளர் அம்மா புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே இன்னிக்கு வழிக்காவல் கிடைக்காது, காலையில கூட்டிட்டுப் போங்க. நீங்க கூடப் போகணும். ஏதாச்சும் ஆனா உங்க பொறுப்பு."

வீட்டுக்கு வந்து பீரோவில் அங்கயற்கண்ணியின் பக்கத்தைத் திறந்தேன். வீட்டில் இருக்கும்போது அவள் உடுத்துவது முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும்தான். வாசலில் மணி அடித்தால் மேலே நைட்டியை மாட்டிக்கொள்வாள். நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன்.

"யாருக்கு?"

"ஜெயில்ல ஒரு ஆளுக்கு."

இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு உள்ளே போனேன். விடிகாலை ஒரு முறை மயக்கம் போட்டான் என்று குருவம்மா சொன்னாள். சட்டையைக் காட்டினேன். கையை நீட்டிக் காலரைத் தொட்டுப் பார்த்தான்.

"புடவை இல்லையா?"

"இல்ல. உள்ளாடைக்குள்ள வச்சுக்க வேண்டியதை நான் வச்சுத் தரேன், கண்ணை மூடிக்க. கதவு சாத்தியிருக்கு. அங்க உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, முந்நூத்திப் பதினெட்டுன்னு கூப்பிடச் சொல்றேன். பாக்கறது ஒரே ஒரு டாக்டர், நான் பக்கத்துல நிப்பேன். வேற யாரும் தொட மாட்டாங்க. வர்றியா?"

இதை எல்லாம் நேற்றே கேட்டிருக்கலாம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வருகிறேன் என்றான்.

நான் வாக்குக் கொடுத்த அளவுக்கு அங்கே நடக்கவில்லை. ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் "முத்துப்பேச்சி யாரும்மா?" என்று கத்தினார்கள். வார்டில் இரண்டு பெண்கள் ஆம்பளை எதுக்கு உள்ளே வந்தான் என்று எழுந்து நின்றார்கள். பயிற்சி மாணவிகள் ஆறேழு பேர் கூடினார்கள். நான் திரையை இழுத்துவிட்டு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "நாங்க படிக்கணும் சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. "படிங்க, புத்தகத்துல இருக்கு" என்றேன். இந்த ஆஸ்பத்திரி நர்சுகளில் பாதிப் பேர் எனக்கு ஜூனியர். அது உதவியது.

பெரிய டாக்டரம்மா ஓய்வு பெறும் வயது. நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஊசி போட்டீங்க, எத்தனை நாளா?" என்று பன்மையில் கேட்டார். ஊசி பாதியில் நின்றது ஒன்று, கருப்பையில் எலுமிச்சை அளவு கட்டி ஒன்று, இரண்டும் சேர்ந்த ரத்தப்போக்கு என்றார். மூன்று பாட்டில் ரத்தம். நாளை வந்திருந்தால் சொல்ல முடியாது என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

மூன்றாவது பாட்டில் ஏறும்போது அவனுக்கு உதட்டில் நிறம் வந்தது.

"சிஸ்டர், நான் செத்திருந்தா யாருக்குச் சொல்லியிருப்பீங்க?"

"பதிவேட்டுல உங்க அப்பா பேரு இருக்கு."

"அவரு வரமாட்டாரு. வெண்ணிலாவுக்குத்தான் சொல்லணும். ஆனா அவளுக்கு நான் யாருன்னு எழுத உங்க பதிவேட்டுல கட்டம் இல்லைல."

இல்லை என்றேன். சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தேன். குருவம்மா சொன்ன நோய் உண்மை, ஆள்தான் வேறு. கண்ணிமை சிவந்திருந்ததைப் பார்த்தும் நான் சொல்லவில்லை, வரிசையில் வைத்துக் கேட்டு வந்த பதிலை உண்மை என்று பதிந்தேன், மாத்திரையை எதிரில் விழுங்க வைக்கவில்லை. மூன்றும் என் தவறு. மனுவை ரத்து செய்ததை ரத்து செய்ய வேண்டும்.

பிற்பகலில் எனக்கு மெமோ வந்தது. குருவம்மாவுக்கு மனு திரும்பக் கிடைத்தது. மெமோவுக்குப் பதில் எழுத ஏழு நாள் இருக்கிறது.

ஜூன் 29, சனி

பேச்சிமுத்து திரும்பி வந்தான். கையில் பெரிய டாக்டரம்மா எழுதிய சீட்டு. ரத்தப்போக்குக்கு மாத்திரை, இரண்டு வாரம் கழித்துக் கட்டிக்கு மறுபரிசோதனை, ஹார்மோன் ஊசியைத் தொடர்வது பற்றி அதற்கான டாக்டரிடம் காட்டவும். சீட்டு இல்லாமல் மருந்து இல்லை என்றேன் அல்லவா, இப்போது சீட்டு இருக்கிறது. கோப்பில் முதல் பக்கமாகக் குத்தினேன். மறுபரிசோதனைக்கு வழிக்காவல் இன்றே கேட்டு எழுதினேன்.

சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். வைத்துக்கொள், அடுத்த தடவை போகும்போது வேண்டும் என்றேன்.

ஜூலை 1, திங்கள்

நாப்கின் நாள். வரிசை வைக்கவில்லை. தொகுதிக்கு ஒரு மூட்டை கட்டி உள்ளே அலமாரியில் வைத்துவிட்டேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். "கையெழுத்து?" என்றாள் மலர்க்கொடி. எந்த உத்தரவில் இருக்கிறது என்று கேட்டேன். எப்பவும் அப்படித்தானே என்று இழுத்தாள். திருடுவார்கள், தலையணைக்கு அடைப்பார்கள் என்றும் சொன்னாள். அடைக்கலாம். பார்ப்போம்.

மற்றவர்கள் வெளியே போன பிறகு மலர்க்கொடி கதவருகில் நின்று, "சிஸ்டர், அவரு மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். எட்டு மணிக்கு என்றேன். அவள் அவரு என்று சொன்னதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 3, புதன்

லீவு. காலை ஆறு மணிக்கே அங்கயற்கண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பச்சைக் கவுனை மாட்டி, சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து வராந்தாவில் விட்டிருந்தார்கள். ஆயிரம் பேரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது இப்படி இருக்கும் என்று தெரியாது. பயந்துபோயிருந்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள். நோயாளி பெயர், வயது எல்லாம் வேகமாக எழுதினேன். கையெழுத்திடுபவர் நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டம் வந்தது. பெ என்று எழுதிவிட்டேன். பெரியம்மா மகள் என்று கை தானாகவே எழுதும், பதினெட்டு வருடப் பழக்கம்.

அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்.

அந்தப் பெண் படித்தாள். நிமிர்ந்தாள். "துணைவின்னு போட்டிருக்கீங்க. யாரு மேடம்?"

"நான்தான்."

அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். படிவத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். வராந்தாவில் எல்லாம் கேட்டிருக்கும். "அடிச்சிருக்கிற இடத்துல ஒரு சின்னக் கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றாள். போட்டேன். முத்திரை குத்தினாள்.

கட்டிலுக்கு வந்தேன். அங்கயற்கண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டேன். தியேட்டர் ஆள் வந்து கட்டிலைத் தள்ள ஆரம்பித்தபோதுதான் என் கையைப் பிடித்தாள்.

"பிலோ, அந்தச் சட்டை அவனுக்குச் சரியா இருந்துச்சா?"

"தோள்ல கொஞ்சம் லூசு" என்றேன். "மத்தபடி சரியா இருந்துச்சு."